தமிழ்ப் பெயர் டேபிளில் இருந்தும் தேடலில் ஏன் வருவதில்லை?

“போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கோமதி என்று தேடினால் சிலர்தான் வருகிறார்கள். மற்றவர்கள் டேபிளில் கண்முன்னே இருந்தும் வரவில்லை. இண்டெக்ஸைத் திரும்பக் கட்டியும் பயனில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். தேடலை விரைவாக்கும் அந்த இண்டெக்ஸ் மேல் குற்றமில்லை.

எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பைட்டைப் பார்த்தே சமமா என்று முடிவு செய்வதால், அதற்கு இவை இரண்டு பெயர்கள்.

பதியும்போதே எல்லாவற்றையும், இந்த இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸிலேயே அதற்கான ‘நார்மலைஸ்’ ஃபங்ஷன் இருக்கிறது.

ஆனால் அது பாதி வேலைதான். கௌரியை ளகரம் போட்டு ‘கெளரி’ என்று அடிப்பவர்கள் ஏராளம். ஸ்ரீதரின் முதலெழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் பதியலாம். 2005-இல் யூனிகோடுக்குள் வந்த ஶகரத்தில் தொடங்கியும் பதியலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இவற்றை என்எஃப்சி தொடாது. ‘கெள’ வந்த இடத்திலெல்லாம் ‘கௌ’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்! அதே விதியை வகரத்துக்கும் போட்டால் வெள்ளைச்சாமி என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் யோசனை, டேபிளில் பெயருக்கு இரண்டு காலம் (நெடுவரிசை). ஒன்றில், வாடிக்கையாளர் எழுதியபடியே பெயர். ரசீதில் அதுதான் அச்சாக வேண்டும். இன்னொன்று தேடலுக்கு மட்டும். அதில் ஔகாரக் குறியையெல்லாம் கொம்பும் ளகரமுமாக உடைத்துவிடுங்கள், ஶகரத்தை ஸகரமாக்குங்கள். கௌரியும் கெளரியும் ஒன்றாகிவிடுவார்கள், வெள்ளைச்சாமிக்கும் சேதமில்லை. இண்டெக்ஸ் இந்தக் காலத்துக்குத்தான். தேடுபவர் தட்டும் சொல்லும் இதே மாற்றங்கள் வழியாகப் போக வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

வரிசைப்படுத்துவது தனிக்கதை. குறியெண் வரிசையில் சகுந்தலாவுக்குப் பிறகுதான் சக்தி வரும். நம் அகராதி வரிசை நேர்மாறு. ஐசியு என்ற யூனிகோட் மென்பொருள் நூலகம் தரும் தமிழ் கொலேஷனை, அதாவது வரிசை விதியைப் போட்டால் சரியாகும்.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்காதீர்கள். இனிஷியலுக்கு ஒரு காலம் போதும்.

பழைய பதிவுகளை மாற்றிய பின், பெயரும் கைபேசி எண்ணும் சேர்ந்த யூனிக் கட்டுப்பாட்டை (அதே ஜோடி இரண்டாம் முறை வர விடாத விதியை) உடனே போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு வாடிக்கையாளராகப் பதிவாகியிருப்பது அப்போதுதான் தெரியவரும். அவர்களின் பில்களை ஒரே ஐடிக்கு மாற்றிவிட்டுப் பிறகு போடுங்கள்.