தைல வாசனை எங்கேர்ந்து வருது?

கேள்வி: தண்டையார்பேட்டையில ரெண்டாவது மாடி வாடகை வீடு மேடம். டிபன், லஞ்ச், யூனிஃபார்ம் அயர்ன் எல்லாம் முடிச்சிட்டு எம்.சி. ரோட்டுல கடை வேலைக்கு ஓடணும். 10 குடம் தண்ணி மட்டும் அத்தை (67 வயசு) அஞ்சு மணிக்கே அடிபம்ப்புல புடிச்சு மேல வெச்சிடுவாங்க, அதுல தொல்லை இல்ல. ராத்திரி அவங்க தைல வாசனையில தூக்கமும் போச்சு. காலை வேலை ஈசியாக ஐடியா சொல்லுங்க.

பதில்: ஏம்மா, அந்த தைலம் எதுக்குனு ஒரு நாளாவது கேட்டீங்களா? ஒரு குடம் ரொம்புனா 15 லிட்டர் பக்கம் வரும், 10 குடம்னா 150 கிலோ. 25 கிலோ அரிசி சிப்பம் ஒண்ணு வாங்குனாலே கடைப்பையனை மேல கொண்டாந்து வைக்க சொல்றோம், உங்க வீட்டுல அந்த மாதிரி ஆறு சிப்பம் தினமும் அந்தம்மா இடுப்புல ஏறுது, நீங்க வாசனைக்கு மூக்கை புடிக்கிறீங்க.

அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாரு, யூனிஃபார்ம் போடுற பையன் என்ன பண்றான்னு நீங்க எழுதல, எழுதவும் வேணாம், ஃபேன் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. பெத்தவ படியேற புள்ள தூங்குறான், அத எப்படி தொல்லை இல்லன்னு எழுத கை வந்துச்சு? படிக்கிற பையன்னு ஆரம்பிக்காதீங்க, எங்கண்ணன் வியாசர்பாடியில ஆறு குடம் ஏத்திட்டு தான் ஸ்கூலுக்கு போவாரு, ஒண்ணும் கொறஞ்சு போயிடல.

ராத்திரியே குடத்தை கழுவி வாசல்ல கவுத்து வைங்க. காலையில அவரு ஆறு, பையன் நாலு. அத்தை உக்காந்த இடத்துல பூண்டு உரிச்சு பீன்ஸ் நறுக்கி குடுத்தாலே உங்க லஞ்ச் பாதி முடிஞ்சுது, அதுவும் அவங்களுக்கு முடிஞ்சா. மாவு அரைச்சதும் பாதியை புளிக்க விடாம நேரா ஃப்ரிட்ஜுல வைங்க, தேவைக்கு முந்தின ராத்திரி வெளிய எடுத்தா போதும். அயர்ன் அஞ்சு செட்டும் ஞாயித்துக்கிழமையே.

அப்புறம் தண்ணி டிரம். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணியில தான் வரும், முட்டை டிரம் சுவத்துல ஒட்டிக்கும், சும்மா கவுத்து ஊத்துனா போகாது, வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டு தேய்க்கணும், மூடியும் டைட்டா இருக்கணும். அது உங்க வீட்டுக்காரர் வேலை, ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க கிளம்புறதுக்கு முன்னாடி.

இன்னிக்கு ராத்திரி அந்த தைல பாட்டிலை நீங்க எடுங்க, அத்தை முட்டிக்கு நீங்களே தேய்ச்சு விடுங்க.