ஒன்றேகால் மணிக்குத் தொடங்கும் இன்னொரு தேர்வு

(வாசகர் கேள்வி பதில். பிளஸ் டூ இயற்பியல் தேர்வு முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். முடிவு வராத நேரத்தில் யாருக்கும் வம்பு வேண்டாம் என்று பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

கேள்வி: நன்றாக எழுதிய திருப்தியோடுதான் ஹாலை விட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நண்பர்கள் விடை சொல்லச் சொல்ல, ஒரு மார்க் கேள்வியிலேயே ஐந்து போய்விட்டது. அடுத்த பரீட்சைக்குப் படிக்கவே மனசு வரவில்லை. இனி விடை பேசவே கூடாது என்று இருக்கிறேன், சரிதானே?
- பிளஸ் டூ மாணவன், விருதுநகர்

தம்பி, பாதி சரி. ஐந்து போய்விட்டது என்று உனக்கு யார் சொன்னது? கூட்டத்தில் சத்தமாகப் பேசியவன்தானே? ஒன்றேகாலுக்கு மணி அடித்தபிறகு மரத்தடியில் நடக்கிற தேர்வில் பெரும்பாலும் ஜெயிப்பது உரத்த குரல்தான். மூன்று பேர் சேர்ந்து (ஆ) என்றால் போதும், (இ) எழுதிய நாலாவது ஆள் தலையைக் குனிந்துகொள்கிறான், ஏன் (ஆ) என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால் விடை பேசுவது தப்பே இல்லை, மூன்று மணி நேரம் அந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த சூட்டில் பேசுவது போல வகுப்பில் ஒருநாளும் நீங்கள் இயற்பியல் பேசப்போவதில்லை. தப்பு எங்கே என்றால், பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் வினாத்தாள் ஓரத்தில் பென்சிலால் மார்க்கைக் கூட்டத் தொடங்குவதில். எத்தனை வரும் என்பது திருத்துகிறவர் வேலை. ஏன் வரும் என்பதை மட்டும் நீங்கள் பேசுங்கள். அதையும் கடைசிப் பரீட்சை முடியும் வரை தள்ளிப் போட முடிந்தால் இன்னும் நல்லது. எழுத்துத் தேர்வு மொத்தம் 70, அதில் ஒரு மார்க் கேள்விகள் 15. நீ சொல்கிறபடி ஐந்து உண்மையிலேயே போயிருந்தாலும் குடிமுழுகிப் போகாது, போய்ப் படி.

கேள்வி: 60 வாட் பல்பு, 100 வாட் பல்பு இரண்டையும் தொடரிணைப்பில் (ஒன்றன் பின் ஒன்றாக) 220 வோல்ட்டில் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? தேர்வு முடிந்து வரும்போது இந்தக் கேள்வி கிளம்பி, பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை. 100 வாட் என்று நான், 60 வாட் என்று தோழி. இருவரிடமும் சூத்திரம் இருக்கிறது!
- மாணவி, திருவண்ணாமலை

உன் தோழிக்கு ஒரு டீ வாங்கிக் கொடும்மா.

ஆனால் உன் சூத்திரமும் தப்பில்லை, அதுதான் இதில் அழகு. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் என்று நீ எடுத்திருப்பாய். தடை குறைந்தால் திறன் கூடும், 100 வாட் பல்புக்குத் தடை குறைவு, ஆகவே அதுதான் பிரகாசம். வீட்டில் இது சரி, ஏனென்றால் வீட்டில் எல்லாமே பக்க இணைப்பு, இரண்டு பல்புக்கும் ஒரே மின்னழுத்தம். தொடரிணைப்பில் மின்னழுத்தம் பிரிந்துபோய்விடும், இரண்டிலும் ஒன்றாக ஓடுவது மின்னோட்டம் மட்டும்தான். அப்போது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும், தடை எதற்கு அதிகமோ அதுதான் ஜெயிக்கும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். 220-ஐ வர்க்கப்படுத்தினால் 48,400. அதை 60-ஆல் வகுத்தால் சுமார் 807 ஓம், 100-ஆல் வகுத்தால் 484 ஓம். கூட்டினால் 1,291 ஓம், மின்னோட்டம் சுமார் 0.17 ஆம்பியர். 60 வாட் பல்பில் 23.4 வாட்டும், 100 வாட் பல்பில் 14 வாட்டும்தான் செலவாகும். நிஜத்தில் இழை அவ்வளவாகச் சூடேறாது, அதனால் தடையும் மாறும், இந்த எண்கள் அப்படியே வராது. ஆனாலும் 60 வாட்தான் கூடுதலாக எரியும். பழைய குண்டு பல்பு கிடைத்தால் லேபில் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள் (எல்.இ.டி. பல்பில் இந்தக் கணக்கு செல்லாது). உங்கள் சண்டை சூத்திரத்தைப் பற்றியதே இல்லை, எது இரண்டுக்கும் பொது என்பதைப் பற்றியது. அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் பஸ் ஸ்டாப்புக்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

கேள்வி: என் மகள் ஒரு மார்க் கேள்வியில் விடையைச் சரியாக எழுதிவிட்டு, (ஆ) என்பதற்குப் பதில் (இ) என்று போட்டுவிட்டாளாம். கணக்கு ஒன்றில் கடைசி வரி தப்பு. எவ்வளவு போகும்?
- ஒரு தந்தை, சேலம்

ஐயா, முதலாவதில் முழு மார்க்கும் போய்விடும். குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும், ஒன்று தப்பானாலும் பூஜ்யம்தான், விடைக்குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கும். கணக்கு விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை. சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று மார்க் பிரிந்து கிடக்கிறது, கடைசி வரி தப்பினால் அந்த வரிக்குரியது மட்டும் போகும். முடிவு வந்தபிறகும் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். அதுவரை மகளிடம் இதைத் தினமும் கேட்காமல் இருப்பது உங்கள் பங்கு.

கேள்வி: இயற்பியலில் ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடை இருக்க முடியுமா? 'புக்குல இருக்கு சார்' என்று காட்டினால் அதற்கு மேல் என்ன பேச்சு?
- நீட் எழுதக் காத்திருப்பவர், நாகர்கோவில்

புக்கில் இருக்கிறது என்ற பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போன கதை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

2024 மே 5 நீட் தேர்வில் இயற்பியல் பகுதியில் இரண்டு கூற்றுகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று, அணுவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலை உடையது. இரண்டு, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன. முதல் கூற்றில் சண்டை இல்லை. இரண்டாவது, என்.சி.இ.ஆர்.டி. என்கிற மத்தியப் பாடப்புத்தகத்தின் பழைய பதிப்பில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்' என்று திருத்திவிட்டார்கள். அக்காவின் பழைய புத்தகத்தில் படித்த பிள்ளைகள் இரண்டும் சரி என்று போட்டார்கள், மற்றவர்கள் இரண்டாவது தப்பு என்று போட்டார்கள். தேர்வு நடத்திய என்.டி.ஏ., எதற்கு வம்பு என்று இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்துவிட்டது.

விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது. மூன்று நிபுணர்களை வைத்து எது சரி என்று சொல்லுங்கள் என்று தலைமை நீதிபதி அமர்வு ஜூலை 22-ம் தேதி டெல்லி ஐ.ஐ.டி.யைக் கேட்டது, மறுநாளே பதில் வந்துவிட்டது: ஒரே விடைதான், இரண்டாவது கூற்று தப்பு. ரேடியமும் யுரேனியமும் சும்மா இருக்கும்போதே சிதைந்துகொண்டிருக்கின்றனவே, அவை எப்படி நிலையானவை ஆகும்? அவ்வளவுதான் இயற்பியல். விளைவுதான் பெரிது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 5 மார்க் இறங்கியது, கொடுத்த 4 திரும்பப் போனதோடு தப்பு விடைக்கான 1 மார்க்கும் கழிந்தது. முதலில் 720-க்கு 720 என்று வந்த 67 பேரில் 44 பேர் இந்தக் கேள்விக்குக் கிடைத்த மார்க்கால் அந்த இடத்தில் இருந்தவர்கள், வேறு காரணத்தால் 6 பேர் ஏற்கெனவே இறங்கியிருக்க, கடைசிப் பட்டியலில் மிஞ்சியது 17 பேர்.

விடை சரி, தீர்ப்பும் சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் பாடப்புத்தகம் சொன்னதை நம்பிய பிள்ளை 5 மார்க் இழந்ததும், அந்த வரியையே தூக்கிக் கேள்வியாக வைத்தவர் ஒன்றும் இழக்காததும் உறுத்தத்தான் செய்கிறது. உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகம் காட்டுவது நல்ல தொடக்கம், எந்த வருடப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த வரிக்கு ஒரு எதிர் உதாரணம் கிடைக்கிறதா என்று யோசியுங்கள்.

கேள்வி: தேர்வு முடிந்த சாயங்காலமே யூடியூபில் நாலு ஆன்சர் கீ வந்துவிடுகிறது, நாலிலும் ஒரு கேள்விக்கு ஒரே விடை. அப்படியென்றால் அது உறுதிதானே?
- மாணவன், கடலூர்

ஒருவர் போட்டதை மற்ற மூவர் பார்த்து எழுதியிருந்தாலும் நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேள்வியை உருவாக்கியவர்களே தப்பிய கதையும் உண்டு. 1982-ல் அமெரிக்காவில் கல்லூரியில் சேர நடந்த எஸ்.ஏ.டி. தேர்வில், மூன்று மடங்கு ஆரமுள்ள பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டம் உருண்டு புறப்பட்ட இடத்துக்கே வர எத்தனை சுற்று சுற்றும் என்று கேட்டார்கள். அவர்கள் நினைத்த விடை 3. சரியான விடை 4, அது கொடுத்த விடைகளிலேயே இல்லை! சுமார் 3 லட்சம் பேர் எழுதியதில் தப்பென்று எழுதிப் போட்டவர்கள் மூன்றே பேர், அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு மார்க்கைத் திருத்தினார்கள். நம்பிக்கை வராவிட்டால் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை மேஜையில் வைத்து, ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை அதன் விளிம்பைச் சுற்றி உருட்டிப் பாருங்கள். ஒரு சுற்று என்றுதான் தோன்றும், ஆனால் நாணயத்தில் இருக்கும் எண் பாதி வழியிலேயே மறுபடி நேராக நிமிர்ந்துவிடும், ஆக மொத்தம் இரண்டு சுற்று.

கேள்வியே தப்பாக இருக்கிறது என்று ஹாலில் தோன்றினால் வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள், கேள்வி எண்ணைப் போட்டு தெரிந்த அளவுக்கு எழுதிவிட்டு வாருங்கள். பின்னால் போனஸ் மார்க் என்று வந்தால், பெரும்பாலும் எழுத முயன்றவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: 'ஒண்ணுமே எழுதலைடா மச்சி' என்று ஒவ்வொரு தேர்வுக்கும் அழுதுவிட்டு சென்டம் வாங்குகிற நண்பனை என்ன செய்வது?
- மாணவன், மதுரை

அடுத்த தடவை அவன் அழும்போது 'எந்தக் கேள்விடா, எந்த ஸ்டெப்பு?' என்று விடாமல் கேளுங்கள். அழுகை நின்றுவிடும், உங்களுக்கு ஒரு கணக்கும் புரிந்துவிடும்.