காசு உள்ளவர்கள் அடிமட்ட இயக்கங்களுக்கு எப்படி உதவலாம்? காசு புகுந்தால் இயக்கம் கெட்டுப்போகாதா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: சிங்கப்பூரில் வேலை செய்கிறார், கையில் ஓரளவு சேர்ந்திருக்கிறது, அன்னதானம், உபகாரச் சம்பளம் இவற்றைத் தாண்டி உரிமைக்காக உழைக்கும் சின்னக் குழுக்களுக்குக் கொடுக்க ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்தக் 'கெட்டுப்போகாதா' விடவில்லை. காசை வாங்கிக் கெடுத்துக்கொண்ட ஒரு குழுவில் நானும் இருந்தேன்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. சாங்கி பக்கம் ஐடி வேலை, வருஷக் கடைசியில் போனஸ், "வழக்கம்போல முதியோர் இல்லத்துக்கே கொடுத்துடுங்களேன்" என்று சொல்லும் மனைவி, இப்படி நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இதுதான் பிழைப்பு. சில வருஷங்களுக்கு முன்பு நாங்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு கோப்பிக் கடையில் ஓரத்து மேசையைப் பிடித்து உட்காருவோம். ஏன் எட்டு? பத்துப் பேர் ஆகிவிட்டால் சங்கச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், அதற்கு எங்களில் யாருக்கும் தெம்பில்லை. தெருவில் உண்டியல் குலுக்கவும் இல்லை. எங்களுக்குள்ளும் தெரிந்தவர்களிடமும் மட்டும்தான். சட்டம் பேச வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் சம்பளச் சீட்டைக் கொண்டுவருவார்கள். 2016 ஏப்ரலில் இருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். கொடுத்திருப்பார்கள், ஆனால் அதில் இருக்கும் ஓவர்டைம் கணக்கும் அவர்கள் செய்த வேலையும் ஒட்டாது. "எத்தனை மணி நேரம் செஞ்ச தம்பி?" என்று கேட்டால் "நெறைய அண்ணே" என்பார்கள். 'நெறைய' என்பதை எந்தச் சமரசக் கூட்டத்திலும் காட்ட முடியாது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். சட்டைப் பையில் அடங்கும் அளவு, 64 பக்கம், நடுவில் பின் அடித்தது, சிவப்பு அட்டை. உள்ளே ஐந்து கட்டம்: தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தளத்தின் பெயர், லாரி எண். மேலே தமிழ், கீழே வங்காளம். வங்காள எழுத்தை ஒரு பங்ளாதேஷ் தம்பி மூன்று தடவை திருத்திக் கொடுத்தார். ஒரு பிரதிக்கு 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 10 காசு ஆனது. அன்றன்றைக்கு, பேனாவில், சில நாள் சிமெண்டுக் கறையோடு எழுதிய அந்தக் கையெழுத்தைத் தட்டிக்கழிப்பது முதலாளிகளுக்குச் சுலபமாக இல்லை. எனக்கு இன்னமும் பெருமையான அச்சு வேலை அதுதான். கல்யாணப் பத்திரிகையில் தங்க முலாம் போட்டதெல்லாம் அப்புறம்.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய மனிதர் வந்தார். கட்டுமானச் சாமான் வியாபாரம். நல்ல மனிதர், இதில் கிண்டல் இல்லை. 8,000 வெள்ளி தருகிறேன் என்றார். எங்கள் ஒரு வருஷச் செலவே 3,000-ஐத் தாண்டாது. எட்டுப் பேருக்கும் தலைகால் புரியவில்லை.

முதலில் ஒரு படம் கேட்டார். சரி. கதவு அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை, பின்னால் பேனர். அந்தப் பேனரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 'தொழிலாளர்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து இன்னொரு பக்கமும் நின்றது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது, பார்த்து ஒப்புதல் கொடுத்தவருக்கும் தெரியாது. நான் அங்கேயே நிற்கிறேன், அச்சகக்காரன், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? இந்த ஊரில் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நம்முடையதும் ஒன்று. ஆனால் 2014-இல் லாவ் பா சாட் என்ற சாப்பாட்டுக் கடைத் தொகுதிக்கு வைத்த வழிகாட்டிப் பலகையில் 'சாட்' (Sat) என்பதைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு 'சனி' என்று போட்டார்கள். படம் ஊரெல்லாம் சுற்றியது, பிறகு திருத்தினார்கள். இன்றைக்கும் எங்கேயாவது உடைந்த தமிழைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சரி, இது நீங்கள் கேட்டதல்ல.

அடுத்து, "பைகள் கொடுக்கலாமே" என்றார். பற்பசை, துண்டு, பிஸ்கட், நூடுல்ஸ், மேலே அவருடைய நிறுவனச் சின்னம். 400 பை. அதற்கும் சரி. கடைசியாக நோட்டுப் புத்தகம். அதைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது கொஞ்சம் சென்சிடிவ் தம்பி. என் கஸ்டமர் எல்லாம் காண்ட்ராக்டருங்க. இந்த வருஷம் இது வேண்டாம். பிஸ்கட் குடுத்தா யாரு என்ன கேக்கப் போறா?"

அவர் மிரட்டவில்லை. வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த அச்சுக்கு எடுத்து வைத்திருந்த தாளைத் திரும்ப ரேக்கில் ஏற்றி வைத்தது நான்தான்.

பை கட்டுவதற்கு நான்கு ஞாயிறு ஆனது. நான்கு ஞாயிறும் மேசை காலி. அந்த நாள்களில் ஒரு தம்பி வந்திருக்கிறார், மன்னார்குடிப் பக்கம். பழைய கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பழைய இடத்தில் மூன்று மாத ஓவர்டைம் பாக்கி. வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். அவரிடம் எங்கள் தொலைபேசி எண் இல்லை, மேசை மட்டும்தான் தெரியும். மூன்று வாரம் வந்து, ஒரு தே குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவரைத் தேடிப் பிடித்தபோது கெடு தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பழைய முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தோம், ஒரு மாதக் காசு கொடுத்தார். மற்ற இரண்டு மாதம் போனது போனதுதான். கோபப்பட்டாரா என்றால் இல்லை. "பரவால்லண்ணே, நீங்களும் பாவம் பிஸியா இருந்தீங்க" என்றார். பிஸ்கட் பை கட்டுவதில் பிஸி.

அந்த வருஷக் கடைசியில் எட்டில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். பெரிய மனிதரும் அடுத்த வருஷம் வேறு ஒரு நல்ல காரியத்துக்குப் போய்விட்டார்.

இப்போது இன்னொருவரைச் சொல்கிறேன். அவர் ஓய்வு பெற்ற தாதி (நர்ஸ்), எல்லாருக்கும் மிஸ்ஸிதான். புக்கிட் மேராவில் மூவறை வீடு. மாதம் முதல் வாரம் ஒரு உறை, அதில் 60 வெள்ளி. ஆறு வருஷம். எதற்கு என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. தொலைபேசி டாப்-அப், அடிபட்டு ஸ்பெஷல் பாஸில் இருக்கும் தம்பிகளுக்கு எம்ஆர்டி கட்டணம், கடையில் மேசைக்காக நாங்கள் குடிக்கும் கோப்பி, எல்லாம் அதில்தான். ஸ்பெஷல் பாஸில் பெரும்பாலும் வேலை செய்ய முடியாது. வழக்கு முடியும் வரை இங்கே இருக்கலாம், அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போய்வர பஸ் காசு இல்லாததால் வழக்கையே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மிஸ்ஸி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இந்த மாசம் எத்தனை பேருப்பா வந்தாங்க?" எண்ணிக்கை குறைந்தாலும் உறை குறையாது.

8,000 பெரிதா, 60 பெரிதா என்று நான் கணக்குப் போட வரவில்லை. (போட்டுப் பார்த்தால் ஆறு வருஷத்துக்கு 4,320.) அவர் காசு எங்களை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் போகும் இடத்துக்கு அது கூட வந்தது.

காசு ஏன் பிஸ்கட் பை பக்கமே ஓடுகிறது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக் கணக்கில் 2,500 கழியும். எங்களைப் போன்ற மேசைக்கு அந்த ரசீது கிடையாது. அரசியல் நோக்கமுள்ள அமைப்பு அறநிறுவனமாகப் பதிவு பெறவும் முடியாது. அதனால் பசிக்குச் சோறு போடும் வேலைக்கு ரசீது சுலபமாகக் கிடைக்கும். ஏன் பசித்தது என்று கேட்கும் வேலை கொஞ்சம் நீண்டுவிட்டால் ரசீது சந்தேகம். அரசாங்கத்தைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விதி இருப்பதைச் சொல்கிறேன். 2005-இல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெளியே வந்து, தலைமை நிர்வாகியின் தங்க முலாம் பூசிய குழாயும் வருஷத்துக்கு 600,000 வெள்ளிச் சம்பளமும் தெரிந்த பிறகு யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் அதன் பக்க விளைவு, எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்றாகிவிட்டது. முறையிட வருகிறவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர், கடிதம் எழுத ஒருவர், உட்கார ஓர் இடம். ஓர் இயக்கத்தில் அந்த 'நிர்வாகச் செலவு'தானே வேலையே?

பொறுமை வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு. 2001-இல் ஒரு இந்தோனேசியப் பணிப்பெண் கொடுமையால் இறந்ததைப் பார்த்துக் கொதித்த சிலர் ஒன்றுகூடி, பிறகு வெளிநாட்டு ஊழியர்களுக்காக டிடபிள்யூசி2 என்ற அமைப்பை 2004-இல் பதிவு செய்தார்கள். ஹோம் என்ற அமைப்பும் அதே வருஷம். 2008-இல் விடுப்பு நாளுக்காகச் சேர்ந்து பிரசாரம் செய்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1. நடுவில் ஒவ்வொரு டிசம்பரிலும் "இந்த வருஷம் என்ன சாதித்தீர்கள்?" என்று கேட்கும் ஒருவரை மட்டுமே நம்பியிருந்தால், பத்துத் தடவை "இன்னும் இல்லை" என்றுதான் அறிக்கை எழுதியிருக்க வேண்டும்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ஹாங் லிம் பூங்காவில் நடக்கும் பிங்க் டாட் நிகழ்ச்சியையும் சொல்லலாம். அதன் கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை, காசை மட்டும் பாருங்கள். 2016 வரை பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் ஆதரவு தந்தன. ஹாங் லிம் பூங்கா விதி மாறி, வெளிநாட்டு நிறுவனங்கள் அனுமதி இல்லாமல் பங்களிக்க முடியாது என்று ஆனதும் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2017-இல் 100-க்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பின. நீங்கள் குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லையென்றால் பூங்காக் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்டக் கூடாது.

இப்படிச் சொந்தக் கூட்டத்திலேயே காசு திரட்டுவது நம் ஆள்களுக்கும் புதிதல்ல. தஞ்சோங் பகார் பக்கம் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் 1941-இல் சங்கம் வைத்து, போர் முடிந்த கையோடு, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். 'தமிழ் முரசு' பத்திரிகையை நிறுவிய கோ. சாரங்கபாணி ஐம்பதுகளில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியது மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக. அங்கேயெல்லாம் கொடுத்தவர்களும் பயன்பெற்றவர்களும் ஒரே கூட்டம்.

அமெரிக்காவில், பஸ்ஸில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்து, மான்ட்கோமரி நகரில் பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அதைப் பேசும்போது மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்வோம். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணியைச் சொல்வதில்லை. அவரும் சில பெண்களும் சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, பஸ்ஸில் ஏறாதவர்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கு எண்ணெய்க் காசு கொடுத்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம், கொடுத்தவருக்கு வேலை போகாது. எங்கள் மிஸ்ஸிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "பாத்தியா, நான் உறைமேல பேரு எழுதுறதில்ல" என்றார்.

அதனால் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒரு குழுவைப் பிடித்து மூன்று மாதம் சும்மா போய் உட்காருங்கள். நாற்காலி தூக்குங்கள். அப்புறம் மாதாமாதம் கொஞ்சம், குறைந்தது மூன்று வருஷத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். வாடகையா, டாப்-அப்பா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். கணக்கு கேளுங்கள், அது உங்கள் உரிமை. படம் கேட்காதீர்கள். பெரிய தொகை கொடுப்பதானால் டிடபிள்யூசி2 மாதிரி பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள், 'கஃப் ரோடு' என்ற திட்டத்தில் 2008-இல் இருந்து ஆதரவற்ற ஊழியர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சட்டத்தையும் பேசுகிறவர்கள் அவர்கள். நான் அதில் உறுப்பினர் இல்லை, விளம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

மேசை இப்போதும் இருக்கிறது, ஐந்து பேர். நோட்டுப் புத்தகத்தின் அடுத்த அச்சு தீபாவளி வேலையெல்லாம் முடிந்த பிறகு. லாரி எண் கட்டத்தை இந்தத் தடவை அகலமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள் தம்பிகள். ஓடுகிற லாரியின் பின்னால் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து பெரிதாக விழுகிறதாம்.