மகனுக்கு மூன்றாவது முறையும் கணைய அழற்சி என்று கேட்டவருக்கு

தங்கச்சி, ஏழு வயது மகனுக்கு ஒன்றரை வருடத்தில் மூன்றாவது தடவை, ஸ்கானில் பித்தக் கல்லும் இல்லை, வெள்ளவத்தைக் கடையில் வாங்கிக் கொடுத்த ரோல்ஸ்தான் காரணமோ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். என் மகளும் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு இரவெல்லாம் முனகுவாள். இரண்டு தடவை வாய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கணையத்தில் உருவாகும் டிரிப்சின் என்ற செரிமான நொதி குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பிஆர்எஸ்எஸ்1 என்ற மரபணுவில் பிழை இருந்தால் உள்ளேயே தொடங்கி, கணையத்தையே அரிக்கும். இந்தப் பிழையை 1996இல் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். தெற்காசியாவில் அதிகம் காண்பது ஸ்பிங்க்1 என்ற இன்னொரு மரபணுவில் வரும் பிழை. அந்த மரபணுதான் டிரிப்சினுக்குப் பிரேக். ஆனால் அந்தப் பிழை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் வரும் பிழையும் உண்டு, அதற்கு வியர்வைச் சோதனை செய்வார்கள்.

பொரளை சிறுவர் வைத்தியசாலையில் காட்டும்போது மரபணுப் பரிசோதனை பற்றி நீங்களாகவே கேளுங்கள். இரத்தத்தில் கல்சியமும், டிரைகிளிசரைட் என்ற கொழுப்பும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், அம்மம்மா, அப்பப்பா பக்கத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே இந்த வலியோ சீனி வருத்தமோ இருந்ததா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் சிகரெட் புகை வேண்டவே வேண்டாம். அடுத்த தடவை வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், சேலைன் நேரத்தோடு ஏற வேண்டும்.