கட்டையின் பக்கத்தை மாற்றினால் உராய்வு மாறுகிறதா?

மாறுகிறது என்று உங்கள் சோதனையில் தெரிந்தாலும், அதற்குத் தரையைத் தொடும் பரப்பளவு காரணமில்லை. ஒரே மரக்கட்டையைப் படுக்கவைத்து இழுத்தபோது சுருள்வில் தராசு 2 நியூட்டன், ஒருக்களித்து வைத்தபோது 2.6 நியூட்டன் காட்டியது என்கிறீர்கள். எடை மாறாததால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரவேண்டும்.

பெரும்பாலும் அந்த இரண்டு பக்கங்களும் ஒரே வழுவழுப்பில் இருக்காது. அகலமான பக்கத்தை நன்றாக இழைத்திருப்பார்கள், ஓரத்தை வாளால் அறுத்தபடியே விட்டிருப்பார்கள். விரலால் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. இரு பக்கங்களிலும் ஒரே தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள்.

2. தராசைப் படுக்கவைத்த நிலையிலேயே சுழியைச் சரிசெய்யுங்கள். தொங்கவிட்டுச் சரிசெய்தால் கொக்கியின் எடையும் கணக்கில் புகுந்துவிடும்.

3. கட்டையை இழுக்காதீர்கள். தராசை ஓரிடத்தில் கட்டிவிட்டு, கட்டைக்கு அடியில் உள்ள பலகையை இழுங்கள். கட்டை நின்ற இடத்திலேயே இருப்பதால் முள் அவ்வளவாக ஆடாது, பலகையைச் சீராக இழுக்கவேண்டிய கட்டாயமும் குறையும். மாணவர்கள் கையால் இழுக்கும்போது வரும் வெட்டுதான் பாதித் தலைவலி!

அப்புறம், கட்டை நழுவத் தொடங்கும் கணத்தில் முள் ஒருமுறை மேலே ஏறி இறங்கும். அது நிலை உராய்வின் (பொருள் நகரத் தொடங்கும்வரை அதைத் தடுக்கும் உராய்வின்) உச்சம். ஒருவர் அதையும் இன்னொருவர் நகரும்போது வரும் அளவையும் குறித்தால் ஒப்பிடவே முடியாது.

ஒன்று மட்டும்: பரப்பளவு பொருட்டில்லை என்பது தோராயமான விதிதான். ரப்பர், ஒட்டும் பரப்புகளில் அது சரியாகப் பொருந்தாது, அவற்றை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.