பி0420 கோடு வந்தால் பின் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் போதுமா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பிழைக் கோடு) வருகிறது, ஓட்டத்தில் குறை தெரியவில்லை. கன்வெர்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதா, கன்வெர்டரையே மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். கோடையும் அழிக்காதீர்கள். அழித்தால் கோடு பதிவான நேரத்தின் வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் அடங்கிய ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலும் சேர்ந்து போய்விடும்.

பின் சென்சார்மீது பழி போடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. நல்ல கன்வெர்டர் ஆக்சிஜனைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும். அதனால் அதற்குப் பின்னால் வரும் புகையில் ஆக்சிஜனின் ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். பின் சென்சாரின் வோல்ட்டேஜ் 0.6, 0.7 அளவில் ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். கன்வெர்டர் செத்துவிட்டால் அது 0.1-க்கும் 0.9-க்கும் இடையே அடிக்கடி ஏறி இறங்கும். சென்சார் பழசாகி மந்தமானால் இந்த ஆட்டம் குறையும், கூடாது. அதாவது மந்தமான சென்சார் கெட்ட கன்வெர்டரை நல்லதாகக் காட்டத்தான் செய்யும். சென்சாரின் சொந்தக் கோளாறுக்கு பி0136 முதல் பி0141 வரை தனிக் கோடுகள் உண்டு.

லைவ் டேட்டா பார்க்கும் வசதியுள்ள ஸ்கேனரை மாட்டி, என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். 2,500 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் பிடித்து, பின் சென்சாரின் வரைபடத்தைப் பாருங்கள். ஐடிலில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கன்வெர்டர் ஆறியிருந்தால் நல்லதும் கெட்டதுபோலத் தெரியும். பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென அழுத்தி விடுங்கள். வோல்ட்டேஜ் 0.8-ஐத் தாண்டி ஏறி, விட்டதும் 0.1 பக்கம் இறங்கினால் சென்சாரில் குறையில்லை.

வரைபடம் ஆடினாலும் உடனே கன்வெர்டர் என்று தீர்மானிக்க வேண்டாம். பின் சென்சாருக்கு முன்னால் எங்காவது புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், புகை விட்டுவிட்டு வரும் இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். மேனிஃபோல்ட் கேஸ்கெட், ஃபிளெக்ஸ் குழாய், சென்சார் திருகியிருக்கும் இடம் ஆகியவற்றில் கரிப்படிவு இருக்கிறதா பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ‘டிக் டிக்’ சத்தம் வருகிறதா கேளுங்கள். சூடேறினால் உலோகம் விரிந்து பல ஓட்டைகள் அடைபட்டுவிடும்.

அடுத்து ஃப்யூவல் ட்ரிம், அதாவது என்ஜின் கணினி பெட்ரோல் அளவைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம். குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டையும் கூட்டினால் கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கழித்தல் பக்கம் மிகுந்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், கூடுதல் எரிபொருள் அழுத்தம், தவறாகக் காட்டும் ஏர் ஃப்ளோ சென்சார். வி வடிவ என்ஜினில் பி0420-உடன் பி0430-உம் (மறுபக்கக் கன்வெர்டருக்கான அதே கோடு) ஒன்றாக வந்தால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இப்படிப்பட்ட காரணத்தை முதலில் தேடுங்கள்.

கன்வெர்டர் தானாகச் சாவது குறைவு. கொல்வது பெரும்பாலும் என்ஜின். மிஸ்ஃபயரில், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் விடும்போது, எரியாத பெட்ரோல் கன்வெர்டருக்குள் போய் எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடே உருகிவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இதுதான் நடக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது. எரியும் என்ஜின் ஆயிலிலுள்ள பாஸ்பரஸும், ஹெட் கேஸ்கெட் வழியே கசியும் கூலன்ட்டும் தேன்கூட்டின் உலோகப் பூச்சை மூடிவிடும். ஆகவே மிஸ்ஃபயரைக் காட்டும் பி0300 வரிசைக் கோடுகள், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஆயில் குறையும் அளவு, கூலன்ட் மட்டம் எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதுக் கன்வெர்டரும் அதே வழியில் போகும்.

வண்டி இழுக்கவில்லை என்றால் அது வேறு விஷயம்: அடைப்பு. முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்கும், 2,500 ஆர்பிஎம்மில் மூன்றுக்கும் மேல் காட்டினால் வழி அடைந்திருக்கிறது. ஆறிய கன்வெர்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால் தேன்கூடு உடைந்திருக்கிறது.

டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவங்கள் உருகிய தேன்கூட்டையோ போன பூச்சையோ திருப்பித் தராது. பின் சென்சாரைத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் விளக்கை மட்டும் அணைக்கும். கார்பன் மோனாக்சைடு வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் என்ஜினின் மாசு விதிக்குப் பொருந்தும் கன்வெர்டரையே வாங்குங்கள். மலிவானவற்றில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் குறைவாக இருக்கும். சில மாதங்களில் அதே கோடு திரும்பும். மாட்டியபின் கோடை அழித்து, குளிர்ந்த ஸ்டார்ட்டில் தொடங்கிச் சீரான நெடுஞ்சாலை வேகமும் கலந்து சில நாள் ஓட்டுங்கள். விளக்கு எரியாததை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஸ்கேனரில் கேட்டலிஸ்ட் மானிட்டர் (வண்டியின் கணினி கன்வெர்டரைத் தானே சோதிக்கும் பகுதி) ‘ரெடி’ என்று காட்டிய பிறகும் கோடு வராதிருந்தால்தான் வேலை முடிந்தது.