தைராய்டு செல்களைக் கொல்வது எது?

கேள்வி: எனக்கு வயது 34. தீராத களைப்பு. பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைவாகச் சுரந்தால் இது ஏறும்) 14, ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) மிக அதிகம். "உங்கள் எதிர்ப்பு சக்தியே தைராய்டை அழிக்கிறது" என்றார் டாக்டர். எப்படி அழிக்கும்? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? ஆன்டிபாடியைக் குறைத்தால் அழிவு நிற்குமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இது ஹாஷிமோட்டோ நோய். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் தைராய்டில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்ததை விவரித்தார். அழிவு வேலையைச் செய்பவை முக்கியமாக அந்த வெள்ளணுக்கள்தான்.

அவற்றில் 'டி செல்' என்று ஒரு வகை. சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே களையெடுக்கப்பட்டுவிடும். தப்பி வருபவற்றை அடக்கி வைக்கவும் தனிச் செல்கள் உண்டு. அந்த அடக்குமுறை தளர்ந்தால், கொல்லும் டி செல்கள் தைராய்டுக்குள் நுழைகின்றன. ஒரு தைராய்டு செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் உறையில் துளை போடுகின்றன. கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயக்கத்தை முடுக்கிவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. செல்லின் மேற்பரப்பில் ஃபாஸ் என்ற புரதம் இருக்கும். டி செல் அதைத் தொட்டுத் தூண்டினாலே போதும், செல் சுருங்கி மடியும். அழற்சியின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா போன்ற பொருட்கள் இதற்கெல்லாம் தூபம் போடுகின்றன.

சரி, ஆன்டிபாடி? அதற்கும் ஓரளவு பங்கு இருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. கர்ப்பிணியின் ஆன்டி டிபிஓ நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நல்ல தைராய்டோடுதான் பிறக்கின்றன. எனவே, அந்த ஆன்டிபாடி அளவைக் குறைக்கிறேன் என்று மாதாமாதம் பரிசோதித்துப் பணத்தையும் நிம்மதியையும் இழக்காதீர்கள். நோய் இன்னதென்று அது காட்டிவிட்டது, அதன் வேலை முடிந்தது. இனி பார்க்கவேண்டியது டி.எஸ்.எச்.

இந்தத் தாக்குதலை மட்டும் நிறுத்தும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. குறைந்துபோன ஹார்மோனை லெவோதைராக்சின் மாத்திரை ஈடுகட்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச். பார்த்து டாக்டர் அளவைச் சரிசெய்வார். தைராய்டுக்கு நல்லது என்று அயோடின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், அது நோயைக் கிளறிவிடக்கூடும்.

அப்புறம், குழந்தைக்குத் திட்டமிருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.